ரங்குப்பெட்டியில் இருந்த பட்டாளத்துப் பதக்கம்: மலையகக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லயத்து வீட்டைப் பிரித்துக் கட்டும்போதோ, பாட்டி காலமான பிறகு ரங்குப்பெட்டியைத் திறக்கும்போதோ ரிப்பனோடு ஒரு பதக்கம் வெளியே வருவதுண்டு. "தாத்தா பட்டாளத்தில் இருந்தார், சண்டையில் பெரிய வீரராம்" என்பதோடு வீட்டுக் கதை நின்றுவிடும். ஹற்றனிலிருந்து பதுளை வரை இப்படிப்பட்ட பதக்கங்களில் பெரும்பாலானவை இரண்டு உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் பதக்கங்கள். அது என்ன பதக்கம், யாருடையது, எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்கும் வழிகள் கீழே உள்ளன.

பதக்கம் கையில் கிடைத்ததும் முதலில் என்ன செய்வது?

தேய்க்காதீர்கள். குத்துவிளக்கு துலக்குகிற பழக்கத்தில் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு உட்காருவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. பதக்கத்தின் விளிம்பில் பெயர் இருந்தால் அது மிக ஆழம் குறைந்த எழுத்து. நாலு தடவை துலக்கினால் போய்விடும். பெயர் போனால் அந்தப் பதக்கத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் உள்ள தொடர்பும் போய்விடும்.

அது கிடந்த இடத்தையும் கூட இருந்தவற்றையும் அப்படியே படம் எடுங்கள். சின்ன அட்டைப்பெட்டி, பழுப்புக் காகித உறை, மடித்த துண்டுச்சீட்டு எதையும் எறிய வேண்டாம். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் பெரும்பாலும் அஞ்சலில் சின்ன அட்டைப்பெட்டியில்தான் வந்தன. பதக்கத்தில் பெயர் இல்லாதபோது பெட்டியின் மேல் எழுதிய முகவரிதான் ஒரே சாட்சி.

விளிம்பில் என்ன எழுதியிருக்கும்? எப்படி வாசிப்பது?

வட்டப் பதக்கமானால் கனமான ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் வழக்கமாக நாலு விவரம் வரிசையாக இருக்கும்: படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. நட்சத்திர வடிவப் பதக்கத்தில் இவை பின்பக்கத்தில் இருக்கும்.

பகல் வெளிச்சத்தில் நேராகப் பார்த்தால் தெரியாது. அறையை இருட்டாக்கி, போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் மிகத் தாழ்வாகப் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டுப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்குக் கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது.

பதவிகள் சுருக்கமாகத்தான் இருக்கும். எஸ்-இ-பி என்றால் சிப்பாய். என்-கே நாயக். எச்-ஏ-வி ஹவில்தார். எஸ்-பி-ஆர் என்பது சாப்பர், அதாவது பாலம், பாதை, கண்ணிவெடி வேலை பார்த்தவர். பி-என்-ஆர் பயனியர், அதாவது படையில் பாதை வெட்டுவது போன்ற உடலுழைப்பு வேலை பார்த்தவர். பி-டி-இ என்றிருந்தால் பிரிட்டிஷ் முறையிலான படையில் சாதாரணப் படைவீரர். எண்ணை ஒரு இலக்கம்கூடப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேடும்போது பெயரை விட எண்தான் கைகொடுக்கும்.

எங்கள் பதக்கத்தில் பெயரே இல்லை. போலியா?

அவசரப்பட வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பொதுப் பதக்கங்களையும் நட்சத்திரங்களையும் பிரிட்டிஷ் அரசு பெயர் பொறிக்காமலேயே கொடுத்தது. ஆஸ்திரேலியா, தென்னாபிரிக்கா போன்ற சில நாடுகள்தான் தங்கள் ஆட்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. ஆகவே 1939-45 என்று இருக்கும் நட்சத்திரத்தில் பெயர் இல்லாதது இயல்பு.

முதல் உலகப் போர்ப் பதக்கத்தில் பெயர் இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். யாரோ அராவியிருக்கலாம். கலிப்பர் இருந்தால் விட்டத்தை நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். பிரிட்டிஷ் வட்டப் பதக்கங்களின் வழக்கமான விட்டம் 36 மில்லிமீற்றர். அதற்குக் குறைந்தாலோ, இடத்துக்கு இடம் வேறுபட்டாலோ விளிம்பை அராவிப் பெயரை அழித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

இது வீரத்துக்குக் கொடுத்ததா, போருக்குப் போனதற்குக் கொடுத்ததா?

எல்லாரும் கேட்க விரும்புகிற, ஆனால் பதிலைக் கேட்கத் தயங்குகிற கேள்வி இதுதான். பெட்டியில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை போர்க்களப் பணிக்குக் கொடுத்தவை. குறிப்பிட்ட காலம், குறிப்பிட்ட இடத்தில் படையில் இருந்த எல்லாருக்கும் அவை கிடைத்தன. வீரப் பதக்கம் வேறு. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு இடத்தில் செய்த செயலைப் பார்த்தவர் சொல்ல, மேலதிகாரி எழுதி அனுப்ப, தனியாகக் கொடுப்பது அது.

பணிப் பதக்கம் என்று தெரிந்ததும் சிலர் முகம் சுருங்குகிறது. அதற்குக் காரணமே இல்லை. மெசப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக்) மூன்று வருடம் கிடந்து உயிரோடு வந்தவருக்கும் பணிப் பதக்கம்தான். ஆனால் "பெரிய வீர விருது" என்று தவறாகக் கல்லறையிலோ திருமணப் பத்திரிகையிலோ எழுதிவிட்டால், பின்னால் யாராவது திருத்தும்போது உண்மையான சேவையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

அடிக்கடி கிடைக்கும் பணிப் பதக்கங்களின் அடையாளம் என்ன?

முதல் உலகப் போர் என்றால் மூன்று. வெண்கல நட்சத்திரத்தின் குறுக்கே இரண்டு வாள், நடுவே 1914-15 என்று எழுதிய சுருள். அடுத்தது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், மறுபக்கம் குதிரை மேல் ஆடையில்லாத வீரன். குதிரையின் காலடியில் கேடயமும் மண்டையோடும். ரிப்பன் நடுவில் செம்மஞ்சள், இரு பக்கமும் வெள்ளை, கறுப்பு, நீலக் கோடுகள். மூன்றாவது வெற்றிப் பதக்கம். சிறகு விரித்த பெண் உருவமும் இரட்டை வானவில் போன்ற ரிப்பனும் இருக்கும்.

பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சாதாரணமாக வெள்ளி. உங்களுடையது செம்பழுப்பு நிற வெண்கலமானால் அதைத் தனியாகக் கவனியுங்கள். சீனர், மால்ட்டாக்காரர், இந்தியர் முதலியோரைக் கொண்ட தொழிற்படைகளுக்குத்தான் வெண்கலத்தில் கொடுத்தார்கள். சுமார் 1,10,000 பேருக்கு. மூட்டை தூக்கியவனுக்கும் பாதை வெட்டியவனுக்கும் வெள்ளி கூடாது என்று கணக்குப் பார்த்த காலம் அது. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கு புதிதல்ல. அதனாலேயே மலையகத்து வீட்டில் வெண்கலப் பதக்கம் கிடைத்தால் அது வெள்ளியைவிட அதிகம் சொல்லும்.

இரண்டாம் உலகப் போரில் ஆறு முனை நட்சத்திரங்கள் வந்தன. எந்தக் களம் என்பது நட்சத்திரத்திலேயே வட்டமாக எழுதியிருக்கும்: 1939-45, ஆபிரிக்கா, இத்தாலி, பர்மா என்று. பர்மா நட்சத்திரத்தின் ரிப்பனில் நடுவே அகலச் சிவப்பு, இரு பக்கமும் கருநீலத்தின் நடுவே செம்மஞ்சள் கோடு. வட்டமானவை இரண்டு. சிங்கம் இரட்டைத்தலை டிராகனை மிதித்து நிற்பது போர்ப் பதக்கம். அதற்கு 28 நாள் முழுநேரப் பணி போதும். ஓக் மரக்கன்றின் இரு பக்கமும் சிங்கங்கள் இருந்தால் அது தற்காப்புப் பதக்கம். இவை இரண்டும் செப்பு-நிக்கல் கலவை. வெள்ளி என்று நம்பி அடகுக் கடைக்குக் கொண்டுபோனால் ஏமாற்றம்தான்.

மேல் சட்டத்தில் "சிலோன்" என்று இருக்கிறது. இலங்கை அரசின் வீர விருதா?

இல்லை. அது பகுதிநேரத் தொண்டர் படையில் நீண்டகாலம் ஒழுங்காகப் பணியாற்றியதற்கான தகைமைப் பதக்கம். 1930-ல் ஏற்படுத்தியது. பச்சை ரிப்பன், ஓரங்களில் மஞ்சள். 12 வருடப் பணி வேண்டும். போர்க்காலத்தில் ஒரு வருடம் இரண்டாகக் கணக்கு. இலங்கைப் படைப்பிரிவில் இருந்தவருடையது என்று அந்தச் சட்டமே சொல்லிவிடுவதால் தேடும் பரப்பு சுருங்கும்.

அப்படியானால் உண்மையான வீரப் பதக்கங்கள் எப்படி இருக்கும்?

உச்சியில் விக்டோரியா கிராஸ். 1856-ல் ஏற்படுத்தியது. மங்கலான வெண்கலச் சிலுவை, கருஞ்சிவப்பு ரிப்பன். பெயர் மேல் சட்டத்தின் பின்புறத்திலும், செயல் நடந்த தேதி சிலுவையின் பின்பக்க நடுவிலும் பொறித்திருக்கும். இந்தியப் படையினருக்கு இதைப் பெறும் உரிமை 1911-ல்தான் வந்தது.

அதற்கு முன் இந்தியச் சிப்பாய்க்கு உச்ச விருது 1837-ல் தொடங்கிய இந்தியன் ஓர்டர் ஒஃப் மெரிட். 1907 முதல் இந்திய சிறப்புச் சேவைப் பதக்கமும் கொடுத்தார்கள். வெள்ளிப் பதக்கம், கருஞ்சிவப்பு ரிப்பனில் ஓரங்கள் கருநீலம். சென்னை மாகாணத்துப் படைகளிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் இருந்தவர்களுக்கு மிலிட்டரி கிராஸ், மிலிட்டரி மெடல். கிராஸ் 1914 டிசெம்பரில் வந்தது, அதிகாரிகளுக்கு. வெள்ளிச் சிலுவை, வெள்ளை ரிப்பனில் ஊதா நடுக்கோடு. மெடல் 1916 மார்ச்சில் வந்தது, கீழ்நிலைப் படையினருக்கு. வெள்ளி வட்டம். பின்பக்கம் "களத்தில் காட்டிய தீரத்துக்காக" என்ற பொருளில் ஆங்கில வாசகம். செயல் ஒன்றாக இருந்தாலும் துரைக்குச் சிலுவை, சிப்பாய்க்கு வட்டம். இந்த வேறுபாடு 1993 வரை நீடித்தது. இப்போது எல்லாப் பதவிக்கும் மிலிட்டரி கிராஸ்தான்.

மயங்க வைக்கும் ஒன்றும் இருக்கிறது. "களத்தில் சிறந்த நடத்தை" என்ற வாசகமுள்ள டி-சி-எம் வீரப் பதக்கம். "நீண்ட சேவை, நன்னடத்தை" என்று இருந்தால் அது பல வருடம் குற்றமில்லாமல் இருந்ததற்குக் கொடுத்தது. நடத்தை என்ற சொல் இரண்டிலும் வருவதால் குழப்பம். வாசகத்தை முழுதாக வாசியுங்கள்.

ரிப்பனில் ஒரு சின்ன இலை குத்தியிருக்கிறது. அலங்காரமா?

அதைக் கழற்றிவிடாதீர்கள். ஓக் இலை வடிவ வெண்கலச் சின்னம் அது. தளபதி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அந்த ஆளின் பெயரைக் குறிப்பிட்டிருந்தார் என்று பொருள். முதல் போரில் பல இலை கொண்ட கொத்து, வெற்றிப் பதக்க ரிப்பனில். இரண்டாம் போரில் ஒற்றை இலை, போர்ப் பதக்க ரிப்பனில். எத்தனை தடவை பெயர் வந்தாலும் ஒரு சின்னம்தான். சுருக்கமாகச் சொன்னால், பணிப் பதக்கம் மட்டும் இருக்கிறது என்று நினைத்த வீட்டில் தனிமனிதச் செயலுக்கு இருக்கும் சாட்சி இந்த இலையாக இருக்கலாம்.

ஒரு வீரச்செயல் பதக்கமாக மாறுவது எப்படி?

களத்தில் பார்த்த அதிகாரி ஒரு பரிந்துரைப் படிவத்தை நிரப்புவார். எண், பதவி, பெயர், தேதி, இடம், என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது. படிவம் பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் என்று மேலே ஏறும். ஒவ்வொரு படியிலும் ஏற்கலாம், தரம் குறைக்கலாம், கிழிக்கலாம். விக்டோரியா கிராஸுக்கு எழுதியது வேறு பதக்கமாகக் குறைந்த சம்பவங்கள் ஏராளம். கடைசியில் லண்டன் வர்த்தமானியில் பெயர் வெளியாகும். செயலுக்கும் வர்த்தமானிக்கும் இடையில் மாதங்கள் ஓடும்.

நடைமுறையில் தடுமாறும் இடம் முதல் படி. பார்த்த அதிகாரி அன்றே செத்துப்போனால் எழுத ஆளில்லை. சிப்பாயின் மொழி அதிகாரிக்குத் தெரியாவிட்டால் நடந்தது பாதிதான் காகிதத்துக்கு வரும். பதக்கம் இல்லாதது வீரம் இல்லாததற்குச் சான்று ஆகாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

எந்த மாதிரிச் செயல் உச்சம் தொட்டது என்பதற்கு இலங்கையோடு தொடர்புள்ள உதாரணம் பசில் ஹோர்ஸ்ஃபால். 1887-ல் கொழும்பில் பிறந்தவர், கிழக்கு லங்காஷயர் படைப்பிரிவின் இரண்டாம் லெப்டினன்ட். 1918 மார்ச் 27 அன்று பிரான்சில் அவருடைய முன்வரிசை பின்தள்ளப்பட்டது. தலையில் காயம் பட்டும் மிஞ்சியவர்களைத் திரட்டி எதிர்த்தாக்கி இழந்த இடத்தை மீட்டார். கம்பனியின் மற்ற அதிகாரிகள் விழுந்துவிட்டதால் சிகிச்சைக்குப் போக மறுத்தார். மீண்டும் பின்வாங்க நேர்ந்தபோது மறுபடி தாக்கினார். பின்வாங்கும் கட்டளை வந்ததும் கடைசியாக இடத்தை விட்டவர் அவர். சற்று நேரத்தில் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. பெயர் அராஸ் நினைவுச்சுவரில் உள்ளது. தேதி, இடம், செய்தது, மறுத்தது, விளைவு என்று ஒவ்வொன்றும் அவருடைய விருதுக் குறிப்பில் பதிவாகியிருப்பதைக் கவனியுங்கள்.

தாத்தாவின் அண்ணன் சண்டையிலேயே இறந்தார். அவருக்கு ஏன் வீரப் பதக்கம் இல்லை?

பலருக்குத் தெரியாத விதி இது. 1979 வரை, இறந்த பிறகு கொடுக்கக்கூடியவை விக்டோரியா கிராஸ், ஜோர்ஜ் கிராஸ், அறிக்கையில் பெயர் குறிப்பிடுதல் ஆகியவைதான். மிலிட்டரி மெடலுக்கு உரிய செயலைச் செய்து அதிலேயே இறந்தவருக்கு அதைக் கொடுக்க முடியாது. ஆகவே இறந்தவர் பெயரில் ஓக் இலை இருந்தால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயிரோடு இருந்திருந்தால் மார்பில் வெள்ளிப் பதக்கம் தொங்கியிருக்கக்கூடிய செயலாக அது இருக்கலாம்.

முதல் போரில் இறந்தவரின் வீட்டுக்கு வந்தது வேறொன்று. கையகல வெண்கல வட்டத் தகடு, விட்டம் ஏறத்தாழ 120 மில்லிமீற்றர். பிரித்தானியா உருவமும் சிங்கமும், ஒரு சட்டத்துக்குள் பெயரும் இருக்கும். பதவி இருக்காது. சாவில் எல்லாரும் சமம் என்பதால் பதவியை விட்டுவிட்டார்கள். இதைச் சாமித் தட்டு என்று நினைத்துக் கற்பூரம் ஏற்றுவது நடக்கக்கூடியது. சூடு படிந்தால் மேற்பூச்சு கறுத்துவிடும்.

எதிரியோடு சண்டையிடாமல் உயிர்த்தியாகம் செய்தால்?

அதற்குத்தான் 1940-ல் ஜோர்ஜ் கிராஸ் வந்தது. எதிரியின் முன்னிலையில் நிகழாத, ஆனால் அதே அளவு துணிவுள்ள செயலுக்கு. தமிழர்கள் தெரிந்திருக்க வேண்டிய பெயர் சுபேதார் சுப்பிரமணியன். சென்னை சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1944-ல் இத்தாலியின் மிஞ்ஞானோவில் வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் விழுந்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விட்டார். ஜோர்ஜ் கிராஸ் அவர் இறந்த பிறகு கொடுக்கப்பட்டது.

இந்தப் பதக்கம் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்திருக்கும்?

நாலு வழியைச் சரிபாருங்கள். ஒன்று, தமிழகத்தில் இந்தியப் படையில் இருந்து விடுபட்டபின் தோட்டத்துக்கு வந்தவர். இரண்டு, இரண்டாம் உலகப் போரில் இலங்கைப் படையிலோ, மத்திய கிழக்குக்குப் போன பிரிட்டிஷ் பயனியர், பொறியியல் பிரிவுகளிலோ சேர்ந்தவர். மூன்று, துரையின் பதக்கம். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சிலோன் தோட்டத்துரைமார் ரைஃபிள் படை வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே. அதன் ஒரு பிரிவு 1914 ஒக்டோபரில் புறப்பட்டு எகிப்துக்கும், பிறகு துருக்கியின் கலிப்பொலிப் போர்க்களத்துக்கும் போனது. அந்தத் துரைகள் நாடு திரும்பும்போது பங்களாவில் விட்டதும், அப்புவிடம் கொடுத்ததும் உண்டு. நாலு, வெள்ளி என்று யாரோ எடைக்கு வாங்கியது.

விளிம்பில் ஆங்கிலப் பெயர் இருந்தால் மூன்றாவது வழியை நினையுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் தாத்தாவின் பதக்கம் என்று சொல்லக்கூடாது.

இன்னொரு குழப்பம். 1944-ல் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இயங்கியது. அங்கே சமையல், தோட்டம், சலவை வேலை பார்த்த பலரை ஊரில் "பட்டாளத்துக்காரர்" என்றே அழைத்தார்கள். கூலிக்கு வேலை பார்த்த பொதுமக்களுக்கு இந்தப் போர்ப் பதக்கங்கள் கிடையாது.

பெயரையும் எண்ணையும் வைத்து எங்கே தேடுவது?

வரிசையாகச் செய்தால் பணம் மிச்சம். முதலில் லண்டன் வர்த்தமானி. இணையத்தில் இலவசம். வீரப் பதக்கம் என்று சந்தேகம் இருந்தால் படை எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள். பழைய அச்சைக் கணினி தப்பாக வாசித்திருக்கும் என்பதால் பெயர் அகப்படாமல் எண் அகப்படும். விக்டோரியா கிராஸுக்கு முழுக் கதையும் இருக்கும். முதல் போரின் மிலிட்டரி மெடலுக்கு எண், பதவி, பெயர், பிரிவு மட்டுமே. கதை இல்லையே என்று கலங்க வேண்டாம். எல்லாருக்கும் அப்படித்தான்.

அடுத்து லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையப் பட்டியல். முதல் போர்ப் பதக்க அட்டைகள் டபிள்யூ ஓ 372 என்ற தொகுப்பில். இந்தியப் படையினரின் அட்டைகளும் அதில் உண்டு. இரண்டாம் போரின் வீர விருதுப் பரிந்துரைகள் டபிள்யூ ஓ 373. பெயர் தேட இலவசம். முதல் போரில் படைப்பிரிவு தெரிந்தால் டபிள்யூ ஓ 95-ல் உள்ள போர் நாட்குறிப்பைப் பாருங்கள். வர்த்தமானித் தேதிக்கு முந்தைய சில மாதங்களை வாசித்தால் எந்தச் சண்டை என்று ஊகிக்கலாம்.

இறந்தவரானால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் தேடல் இலவசம். சில பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும்.

பெயர் தேடினால் வரவே இல்லை. ஏன்?

முத்துசாமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். "சாமி" சில இடத்தில் "ஸ்வாமி", சில இடத்தில் "சாமே". தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறும், சாதிப் பட்டம் பெயரோடு ஒட்டும். பெயரின் முதல் நாலெழுத்தோடு நிறுத்தித் தேடுங்கள், அல்லது எண்ணை மட்டும் நம்புங்கள். தோட்டத்துப் பதிவில் இருந்த பெயரும் பட்டாளத்தில் கொடுத்த பெயரும் ஒன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பையும் விட்டுவிடுங்கள்.

காகிதம் வேறு நாட்டில் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இங்கேயுமாகப் பிரிந்தார்கள். பதக்கம் லிந்துலையில், விடுவிப்புச் சான்றிதழ் கோத்தகிரியில் என்று இருக்கக்கூடும். பிரஜாவுரிமைக்காகச் சேர்த்துவைத்த கட்டில் பட்டாளத்துத் தாளும் செருகியிருக்கிறதா என்று உறவினரைக் கேளுங்கள்.

மலைநாட்டுக் குளிரில் எப்படிப் பாதுகாப்பது?

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் பனியும் மழையும் மாறி மாறி இருப்பதால் ஈரம்தான் முதல் எதிரி. அடுத்தது விறகடுப்புப் புகை. மூன்றாவது நாமே வாங்கிவரும் பிளாஸ்டிக் உறை. மென்மையான பிவிசி உறையிலிருந்து கசியும் பொருள் செம்பைத் தாக்கிப் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். ரப்பர் பட்டியில் கந்தகம் உண்டு. வெள்ளி கறுக்கும். பழைய செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அமிலம் இருக்கும். பூச்சி உருண்டையும் வேண்டாம்.

கஞ்சி போடாத, நன்றாகத் துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். பொலித்தீன் சிப் உறையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைக் கூட வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றவும். அடுப்படிச் சுவரிலிருந்து தள்ளி, தரையில் படாமல் வைத்தால் போதும்.

வெள்ளியில் வரும் கறுப்பு வெள்ளி சல்ஃபைடு. பொலிஷ் போட்டுத் தேய்ப்பது அந்தக் கறுப்போடு வெள்ளியின் மேற்படையையும் சேர்த்து எடுக்கும். கறுப்பாக இருப்பதால் பதக்கத்துக்குக் கேடில்லை, அப்படியே விடலாம். பச்சைப் பிசுக்கு மட்டும் பரவும். பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக நெம்பி எடுத்து உலர்த்துங்கள். ஊசி, பிரஷ், எலுமிச்சை எதுவும் கூடாது.

ரிப்பன் பட்டு. சோப்புத் தண்ணீரில் போட்டால் சிவப்பு கரைந்து வெள்ளையில் ஏறும். கிழிந்திருந்தால் புது ரிப்பன் வாங்கலாம், வழக்கமான அகலம் 32 மில்லிமீற்றர். பழையதை எறியாமல் தனி உறையில் வையுங்கள்.

பேரன் அணியலாமா? எங்கே, எப்போது?

பெற்றவர் இடது மார்பில் அணிவார். குடும்பத்தவர் நினைவுக்காக வலது மார்பில் அணிவது வழக்கம். போர் நினைவு நாளான நவம்பர் 11-ஐ ஒட்டிய நாட்களே அதற்கான காலம். கண்டியிலிருந்து பேராதனைப் பக்கமாக உள்ள போர்க் கல்லறையில் சுமார் 200 கல்லறைகள் உண்டு. பிரிட்டிஷார், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். தலதா மாளிகைக்குப் பின்புறமுள்ள பழைய காரிசன் கல்லறை வேறு, அது 19-ம் நூற்றாண்டுக்குரியது. முச்சக்கர வண்டிக்காரரிடம் "போர்க் கல்லறை" என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் அங்கேதான் இறக்கிவிடுவார்.

அந்த நாளில் போரில் இறந்தவர்கள் நினைவாகப் பொப்பி மலர் அணிவதைப் பற்றி வீட்டில் வாக்குவாதம் வந்தால் அதற்கும் வரலாறு உண்டு. பொப்பி விற்ற பணத்தில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனதை எதிர்த்து, 1930-களில் அதே நாளில் பூவரசம்பூ விற்றார்கள். அதுதான் சூரியமல் இயக்கம்.

இன்றைய இலங்கைப் படையின் வீர விருதுகள் என்ன?

உச்சியில் 1981-ல் ஏற்படுத்திய பரம வீர விபூஷணய. வீர விக்கிரம விபூஷணய, ரண விக்கிரம பதக்கம, ரண சூர பதக்கம ஆகியவை அதற்குக் கீழே வரும். முதலாவதை முதலில் பெற்றவர் கண்டி மாவட்டத்து ஹசலக்கையைச் சேர்ந்த காமினி குலரத்ன. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமை நோக்கி வந்த கவசமிட்ட புல்டோசரில் ஏறிக் கைக்குண்டோடு உயிரை விட்டவர். அந்தப் போரை மலையகத்தில் எல்லா வீடும் ஒரே விதமாக நினைவு வைத்திருக்கவில்லை. விருதின் விவரம் தேடுவோருக்காக இங்கே குறித்திருக்கிறோம்.

பதக்கத்தைக் காட்டி ஓய்வூதியம், இங்கிலாந்து விசா கிடைக்குமா? விற்கலாமா?

பதக்கத்தால் பேரப்பிள்ளைக்குப் பணமோ விசாவோ வராது. விக்டோரியா கிராஸுக்குக்கூட ஆண்டுத்தொகை பெற்றவர் உயிரோடு இருக்கும் வரைதான். "ஃபைல் போட்டுத் தருகிறேன்" என்று முன்பணமும் மூலப் பதக்கமும் கேட்பவரிடம் இரண்டையும் கொடுக்காதீர்கள். எந்த ஆவணக்காப்பகமும் மூலப் பதக்கத்தை அனுப்பச் சொல்வதில்லை. படம் போதும்.

விற்பது உங்கள் உரிமை. ஆனால் எடைக்கு மட்டும் விற்காதீர்கள். 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை ஏறியபோது உலகெங்கும் பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் உருக்குச் சட்டிக்குப் போயின. மூன்று பதக்கத்தில் வெள்ளி மட்டும் இல்லாத வீடுகள் இருப்பதற்கு அதுவும் காரணம். ஒருவருடைய பதக்கங்களைப் பிரித்து விற்றால் மதிப்பும் குறையும், ஆள் யார் என்ற அடையாளமும் சிதறும். விற்கும் முன் விளிம்பு எழுத்து, இரு பக்கம், ரிப்பன், தாள்கள் எல்லாவற்றையும் படமெடுத்து, இங்கேயும் இந்தியாவிலுமாக இரண்டு உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.